வேனுக்கு அடியில் இருந்தவர்

விடியற்காலை சுபஹ் தொழுகை முடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜமால்தீன் நானாவின் பெயர் கேட்டது. அந்த நேரத்தில் ஒருவருடைய பெயரைச் சொன்னால் காரணம் ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அவருடைய மகன் ரிஸ்வான் வாசலில் நின்றார்.

“வாப்பா ஷெட்டுக்குள்ள உழுந்து கெடந்தாரு, அங்கிள். ஒங்கட வேனுக்குப் பக்கத்துல.”

அந்த நேரத்தில் ஷெட்டில் அவருக்கு என்ன வேலை என்று ஜனாஸா அடக்கத்துக்கு வந்த பலர் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை.

மாத்தளையில் அவரை அறிந்தவர்களுக்கு நினைவிருக்கும்: நாற்பது வருடம் மிளகும் கராம்பும் ஏற்றி லொறி ஓட்டியவர்; ஒருவரையும் முகத்துக்கு நேரே குறை சொல்லாதவர். என் வீட்டில் இடமில்லாததால் என் வேன் அவருடைய ஷெட்டில்தான் நின்றது. கிழமைக்கு ஒரு முறை அதில் செய்தி சேகரிக்க வில்கமுவ போய் வருவேன்.

எட்டு மாதங்களுக்கு முன் பின் அச்சின் நடுவிலுள்ள டிஃப்பிலிருந்து ஒயில் ஒழுகத் தொடங்கியது. “டிஃப் காய்ஞ்சா பின் சில்லு ரெண்டும் இறுகிடும். வில்கமுவ ரோட்டுல நின்டா யாரு வாரது? யானை வந்து தள்ளித் தாரதா?” என்றார் நானா. ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ‘சீல்’ ஒன்றை ஷெட்டிலேயே புதிதாக மாற்றுவதென்று முடிவு செய்தோம். அவருக்குத் தோள் வலி. அதனால் நானே கீழே படுத்தேன். அவர் டோர்ச் பிடித்தார்.

“சீலுக்கு மேல பைப் துண்டொண்ட வெச்சித் தட்டுங்க. நாலு பக்கமும் ஒரே சமனா எறங்கணும்.”

எனக்கு அவசரம். பைப்பைத் தேடாமல் சுத்தியலாலேயே தட்டி இறக்கினேன். அவர் கையை நீட்டி விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. பிறகு சிரித்தார்: “மாஷா அல்லாஹ்! ரிப்போட்டர் ஐயாவுக்கு இனிப் பேப்பர் தேவல்ல, கராஜ் போடலாம்.”

அதன் பிறகு ஒரு சொட்டும் ஒழுகவில்லை. தேநீர்க் கடையில் எல்லோரிடமும் சொன்னேன். நானா தலையாட்டுவார்.

ஆனால் வேனின் கீழே தளம் காலையில் எப்போதும் ஈரமாக இருக்கும். மழையில்லாத நாளிலும் கழுவிவிட்டது போல இருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் என் வீட்டு மாடி ஜன்னலால் பார்த்தேன். வேனின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீண்டு கிடந்தன. அசைவே இல்லை. நான் இறங்கிப் போவதற்குள் அங்கே யாரும் இல்லை. தளம் ஈரமாக இருந்தது. நானா கையில் கோப்பையோடு தன் வீட்டிலிருந்து வெளியே வந்தார்.

“யாரும் வரல்லியே. ஜின் ஒண்டாயிருக்கும். அதுகளுக்கும் வேன் ஓடிப் பார்க்க ஆசை வராதா?”

சிரித்தேன். ஆனாலும் பயம் போகவில்லை. மறுபடி அந்த ஜன்னலால் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், அவர் இறந்த அன்று போகாமல் விட்ட வில்கமுவ பயணத்துக்குப் புறப்பட ஷெட்டுக்குப் போனேன். தளம் காய்ந்திருந்தது. டிஃப்பின் கீழே ஒரு தட்டளவுக்குக் கறுப்பாக ஒயில் தேங்கியிருந்தது. கீழே படுத்தேன். ஒயில் ஊற்றும் துவாரத்தின் திருகு மூடி ஒரு சுற்று மட்டும்தான் ஏறியிருந்தது. அதைக் கழற்றி விரலை விட்டேன். விரலில் ஒயில் படவில்லை. பின் சில்லுக்கும் சுவரோரம் கிடந்த சாக்குகளுக்கும் நடுவே பாதி ஒயிலோடு ஒரு போத்தல் உருண்டு கிடந்தது.

நானாவின் மனைவி, கணவர் இறந்தபின் பிற ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்தார். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய குரல் மட்டும் வந்தது.

“நாளும் சுபஹ் தொழுதிட்டு வந்து தொடச்சிக் கழுவுவாரு. நீங்க வில்கமுவ போற அண்டைக்கி ஒயிலும் ஊத்துவாரு. ‘ஒயில் இன்னும் ஒழுகுது எண்டு அவருக்கிட்ட செல்லுங்களேன்’ எண்டு நானும் எத்தனையோ தரம் செல்லிட்டேன். ‘மனுசன் மொதல் தடவையாக் கையால ஒரு வேல செஞ்சிரிக்காரு, அந்தச் சந்தோசத்தக் கெடுக்கப்படாது’ம்பாரு.”

அன்றே சீலைக் கழற்றக் கீழே படுத்தேன். ஒரு பக்கம் அரிசி மணியளவுக்கு ஆழமாக இறங்கியிருந்தது. நான் சுத்தியலால் அதிகம் அடித்த பக்கம் அது. ஜனாஸாவில் கேட்டவர்களுக்குப் பதில் இதுதான். என் பிழையை என்னிடமிருந்தே மறைக்க அவர் எட்டு மாதம் அந்த ஈரத் தளத்தில் படுத்து எழும்பினார். கடைசி நாளும் அங்கேதான் இருந்தார்.

புதிய சீலை நாலு பக்கமும் சமனாக இறக்கினேன். இப்போது உண்மையிலேயே ஒழுகுவதில்லை. அவரால் என்னிடம் தங்கிவிட்டது ஒரு பழக்கம் மட்டும். காலையில் வேனை ஸ்டார்ட் செய்யுமுன், “நானா, எடுக்கப் போறேன்” என்று உரக்கச் சொல்கிறேன். பிறகு வேனின் அடியிலிருந்து ஒருவர் வெளியே வருவதற்கு எடுக்கும் நேரம் பொறுத்திருக்கிறேன்.