ஒன்றுமில்லாத புத்தகங்கள்

தெய்வநாயகி ஏறினால் பேருந்து இடப்பக்கம் சாயும் என்பார்கள். ஆள் என்னவோ முருங்கைக்காய் கனம்தான். தோளில் தொங்கும் பைதான் காரணம். அதில் ஒரு சாப்பாட்டு டப்பா, மீதியெல்லாம் புத்தகங்கள். காய்ச்சலில் அவள் வராத ஒரு நாள், பேருந்து நிமிர்ந்து ஓடுகிறதே, ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று பயந்து பாதிப் பேர் வழியிலேயே இறங்கிவிட்டார்களாம். நடத்துநர் சத்தியமே செய்கிறார். நடத்துநர் பொய் சொல்வாரா?

காட்டூரில் நெல் பயிரிடும் குடும்பத்துப் பெண் அவள். தமிழ் படித்துப் பட்டம் வாங்கியும், அரசு வேலைக்கான தேர்வுகள் அவளைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொண்டன. கடைசியில் ஏரிக்கரை மீனவர் குப்பத்துப் பள்ளி ஒன்றில், நூலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பெற்றோர் ஆசிரியர் கழகம் அவளை வைத்துக்கொண்டது. நூலகம் என்று அவர்கள் காட்டியது, கால் உடைந்த பெஞ்சுகள் செத்துக் கிடந்த ஓர் அறை. அலமாரி கேட்டாள், வரவில்லை. கழுவிய மீன் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள், அலமாரி ஆயிற்று. மீன் வாடை மட்டும் போகவில்லை. அந்த வாடைக்கு மயங்கி ஜன்னலோரம் ஒரு பூனை குடிவந்தது. பிள்ளைகளைவிட அதிக நேரம் நூலகத்தில் இருந்தது அந்தப் பூனைதான்.

பிள்ளைகளை வரவழைக்க அவள் ஒரு வழி கண்டாள். இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்குமாக வலைக்கயிறு கட்டினாள். புத்தகத்தைப் படித்து முடித்தவர்கள் தங்கள் கருத்தைச் சீட்டில் எழுதி, துணி கிளிப் போட்டு அந்தக் கயிற்றில் மாட்ட வேண்டும். அதைப் படித்துப் பார்த்து அடுத்தவருக்கு ஆசை வர வேண்டும். காட்டூரில் பயிர் நன்றாக விளைந்தால், வரப்பில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார்கள். பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்தாள்.

கயிறு நிறைந்தது. அவள் நெஞ்சுதான் காலியாயிற்று.

"தீவை விழுங்கிய திமிங்கிலம். இதில் ஒன்றுமே இல்லை. அட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இப்படிக்கு, இளவரசி, எட்டாம் வகுப்பு."

"எறும்பு ராணியின் வழக்கு. தலைவலி வந்தது. யாரும் எடுக்க வேண்டாம். இப்படிக்கு, தமிழ்வேந்தன்."

"கண்ணாடி போட்ட நாரை. நாரையும் சரியில்லை, கண்ணாடியும் சரியில்லை."

ஒவ்வொரு புத்தகத்தையும் அவள் முதலில் தானே படித்து, சிரித்து, மூக்கைச் சிந்தி, அதன் பிறகுதான் அந்தப் பெட்டிகளில் அடுக்கியிருந்தாள். இளவரசி அந்தத் திமிங்கிலத்தையே மறுபடி மறுபடி கேட்டு வாங்கிப் போவதைக்கூட, பாவம், வேறெதுவும் இதைவிட மோசம் போலிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டாள்.

தலைமையாசிரியர் சகாதேவன் கெட்டவர் அல்ல. கணக்கு வாத்தியார், கண்ணால் கண்டதைத்தான் நம்புவார். ஒருநாள் கயிற்றோரமாகவே நடந்து சீட்டுகளைப் படித்தார்.

"இன்னாமா இது? ஒரு புத்தகமும் தேறல போலருக்கே."

"இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் சார்..."

"கம்ப்யூட்டர் வரப்போவுது, வைக்க ரூம் இல்ல. பசங்களே வேணாம்னு கைப்பட எழுதித் தொங்கவுட்டப்புறம் நான் இன்னா சொல்றது? வெள்ளிக்கிழமை பெத்தவங்க கூட்டத்துல பேசி முடிச்சிடலாம்."

அறை போனால் தன் வேலையும் போகும் என்று அவளுக்குத் தெரியும். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். இத்தனை பிள்ளைகளுக்குப் பிடித்த ஒரே ஒரு புத்தகத்தைக்கூடத் தன்னால் கொடுக்க முடியவில்லையே என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை மாலை, பேருந்துக்குப் போகும் வழியில் படகுத்துறையில் இளவரசியின் அப்பா வடிவேலுவைப் பார்த்தாள். ஈரச்சாக்கு போர்த்திய கூடையை அவர் தலையில் ஏற்ற, பக்கத்தில் ரெண்டு பேர் முக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு மீன்பாடு எப்படிண்ணே?" என்றாள் மரியாதைக்கு.

"எங்க டீச்சர்! ஏரில தண்ணி மட்டுந்தான் கீது. ஒண்ணுமில்ல."

அவர் வாயை மூடுவதற்குள் சாக்கு அசைந்தது. கட்டைவிரல் பருமனில் ஓர் இறால் துள்ளி வந்து அவள் செருப்பின்மேல் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளும் பார்த்தாள், இறாலும் இருவரையும் பார்த்தது. வடிவேலு அசரவில்லை. இறாலை எடுத்துக் கூடைக்குள் போட்டுவிட்டு, "ஒண்ணுமே இல்ல டீச்சர்," என்று மறுபடியும் சொல்லி நடையைக் கட்டினார்.

வேறொரு நாளாக இருந்தால் அவள் பேருந்து முழுக்கச் சிரித்துக்கொண்டே போயிருப்பாள். அன்று சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை, கூட்டம் நூலக அறையிலேயே நடந்தது. பெற்றோர்கள் பாயில் உட்கார்ந்தார்கள், பிள்ளைகள் வாசலில் முட்டினார்கள். தெய்வநாயகி மீன்பெட்டி அலமாரியை ஒட்டி நின்றாள். சகாதேவன் கயிற்றிலிருந்து சீட்டுகளைக் கழற்றி, சாட்சி சொல்கிறவர்போல உரக்கப் படித்தார்.

"'இதில் ஒன்றுமே இல்லை. ஏமாறாதீர்கள்.' 'யாரும் எடுக்க வேண்டாம்.' 'இந்தப் பக்கமே வராதீர்கள், வீண்.'"

பாயில் யாரோ களுக்கென்றார்கள். அடுத்த சீட்டுக்கு நாலைந்து பேர். அதற்கடுத்த சீட்டில் கூட்டமே வெடித்தது. இறால் விற்கும் ரோஸ்மேரி சிரித்த சிரிப்பில் பூனை ஜன்னல் வழியாகக் குதித்தது, ஏரியில் இருந்த நாரைகளெல்லாம் எழும்பி அக்கரையில் ஆந்திராப் பக்கம் போய் உட்கார்ந்தன.

சகாதேவன் சீட்டும் கையுமாக விழித்தார். "இன்னாயா சிரிப்பு? ஒண்ணுமில்லனுதானே எழுதிக்கீது?"

"ஐய, சார்!" ரோஸ்மேரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஒண்ணுமில்லனு எவன் சொல்றானோ, அவன் படகு பின்னாலயே போவணும் சார். அங்கதான் மீன் கீது!"

"நல்ல எடம் சிக்கிச்சுனா நாங்க வாயத் தொறப்போமா?" என்றார் வடிவேலு. "தொறந்தா மறுநாள் ஊரே அங்க வந்து நிக்கும். எங்க புள்ளைங்க வேற எப்படி எழுதும்?"

தெய்வநாயகிக்குச் செருப்பின்மேல் விழுந்த இறால் ஞாபகம் வந்தது. அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

"இளவரசி," என்றாள் மெதுவாக. "அந்தத் திமிங்கிலக் கதை உனக்குப் புடிச்சிருக்கா கண்ணு?"

இளவரசி அப்பாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "ஒண்ணு..." என்று ஆரம்பித்து உதட்டைக் கடித்தாள். அப்புறம் அணை உடைந்தது. "கடைசில அது தீவைத் திரும்ப வெளில வுடும்ல டீச்சர், அப்ப அந்தத் தீவுகிட்ட, 'உள்ள இருந்தப்ப பயந்தியா'னு கேக்கும். அத தெனிக்கும் படிச்சிட்டுத்தான் தூங்குவேன். நல்லாக்கீதுனு எழுதினா எல்லாரும் வந்துடுவாங்க. அப்புறம் எனக்கு எப்பக் கெடைக்கும்?"

"அடிப்பாவி, நான் உன் சீட்டப் பாத்துட்டு எடுக்கவே இல்லியே!" என்று வாசலிலிருந்து தமிழ்வேந்தன் அலறினான்.

"நீ மட்டும் எறும்பு ராணிய இன்னா பண்ண? தலைவலியாம், தலைவலி!"

சண்டை மூளுவதற்குள் வடிவேலு எழுந்தார். "ஏரில போடற மாதிரியே இங்கயும் பாடு போட்டுடுங்க டீச்சர். பேர் எழுதிக் குலுக்கிச் சீட்டு எடுத்து எடத்தப் பிரிச்சிட்டா, அவனவன் நாள்ல அந்த எடம் அவனுது, வேற எவனும் வலை வுட மாட்டான். அப்புறம் எதுக்குப் பொய் சொல்றது?"

சீட்டு, முறை, பங்கு என்றதும் கணக்கு வாத்தியாரின் முகம் தெளிந்தது. கையிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி கயிற்றில் மாட்டினார். ஒன்றிரண்டை நின்று இன்னொரு தரம் படித்தார். "கம்ப்யூட்டர என் ரூம்லயே ஒரு ஓரமா வச்சிக்கிறேன்," என்றார், யாரையும் பார்க்காமல். தெய்வநாயகி மூக்கைச் சிந்தியது பாய்வரைக்கும் கேட்டது.

அதுமுதல் திங்கட்கிழமைதோறும் எவர்சில்வர் சொம்பில் பெயர்ச்சீட்டு போட்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒருவரைக் குலுக்கி எடுத்தார்கள். வாரம் முழுக்க அந்தப் புத்தகம் அவருடையது, யாரும் பறிக்க முடியாது. கயிற்றில் தொங்கிய சீட்டுகளின் பேச்சே மாறிவிட்டது. "அடுத்த பாடு யாருக்கோ, கொடுத்து வைத்தவர். சோறு தின்னும்போது படிக்காதீர்கள், சிரிப்பில் புரையேறும்." "ராணி தோற்கும் இடத்தில் நான் அழுதேன். யாரிடமும் சொல்ல வேண்டாம். இப்படிக்கு, தமிழ்வேந்தன்."

சொம்பில் தன் பெயரையும் போடச் சொன்னார் சகாதேவன். ஒரு வாரம் திமிங்கிலம் அவருக்கே விழுந்தது. கணக்கு வகுப்புக்கு அவர் தாமதமாக வந்தது அந்த வாரந்தான் என்று பள்ளியே பேசிக்கொண்டது. திங்கட்கிழமை காலை புத்தகத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, கயிற்றில் ஒரு சீட்டை மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

இளவரசிதான் முதலில் ஓடிப்போய்ப் படித்தாள்.

"இதில் ஒன்றுமில்லை. யாரும் எடுக்க வேண்டாம். – சகாதேவன், தலைமையாசிரியர்."

"டீச்சர்!" என்று கத்தினாள். "சாருக்கு இன்னொரு பாடு வேணுமாம்!"

தெய்வநாயகி அக்கம்பக்கம் பார்த்தாள். பூனையைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. சகாதேவன் என்று இன்னொரு சீட்டு எழுதி, மடித்து, நைசாகச் சொம்புக்குள் போட்டாள். ஏரியில் இப்படிச் செய்தால் வலையையே பிடுங்கிக்கொள்வார்கள்.