ஏணிப் பலகையின் முதற்கொக்கி

மூட்டு அறுவை மருத்துவத்துக்கு நாள் குறிக்கப்பட்டிருந்த தம் மாமனாரை, மருமகன் ஒருவர் ஆட்டத்தில் இரக்கமின்றி வீழ்த்திவிட்டார் என்றொரு பேச்சு எங்கள் ஆடுகளத்தைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைகளில் இன்றும் உலவுகிறது. அது முழு உண்மையன்று. எஞ்சிய பகுதியைச் சொல்ல மாமனாருக்கு மனமில்லை. சொன்னால் மருமகன் பொய் கூறியதையும் சொல்ல நேரும். மருமகனோ தம்மைப் பற்றித் தாமே பேசுபவர் அல்லர். ஆட்டத்தை ஏற்பாடு செய்தவன் என்ற முறையில், இருவர் இசைவும் பெற்று இதனை எழுதிவைக்கிறேன்.

கோரிப்பாளையச் சந்திப்பின் இரைச்சல் சற்றே தேய்ந்து கேட்கும் தொலைவில் உள்ளது எங்கள் மண் ஆடுகளம். அங்கு டென்னிஸ் எனப்படும் வரிப்பந்தாட்டம் ஆடுவோர்க்காக, பணி ஓய்வுக்குப் பின் நான் ஓர் ஏணிப் பலகை அமைத்தேன். பலகையில் மேலிருந்து கீழாகக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்டக்காரரின் பெயர் எழுதிய தகடு. கீழே இருப்பவர் தமக்கு நேர்மேலே இருப்பவரை ஒற்றையர் ஆட்டத்துக்கு அழைக்கலாம். அழைத்தவர் வென்றால் இருவர் தகடுகளும் இடம் மாறும். அழைப்பைப் பலகையின் முன் நின்று நேரில் விடுக்க வேண்டும். நடுவர் கிடையாது, தம் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்பதை அவரவரே கூற வேண்டும்.

பலகை நெடுநாள் அசையவில்லை. மேலே இருப்பவர் எவராயினும் கீழே இருப்பவருக்கு அண்ணனாகவோ மாமனாகவோ மாப்பிள்ளையாகவோ இருந்தார். "அண்ணன எப்பிடிய்யா மோதக் கூப்புடுறது? இருந்துட்டுப் போகட்டும்," என்று ஒதுங்கினர்.

முதற்கொக்கியில் இருந்த மருமகன் நகரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பணிபுரிபவர். இரண்டாம் கொக்கியில் இருந்த மாமனார் உசிலம்பட்டியில் உர வணிகம் செய்பவர். ஞாயிறுதோறும் மட்டையை மடியில் கிடத்திக்கொண்டு பேருந்தில் வருவார். அறுவைக்குப் பின் ஒற்றையர் ஆட்டம் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்குள் ஒருமுறையேனும் தம் தகடு முதற்கொக்கியில் தொங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் பெண்ணைக் கொடுத்தவர் மருமகனை எவ்வாறு அறைகூவி அழைப்பது?

"அய்யா, நீங்களே சொல்லி விடுங்க," என்று என்னிடம் வந்தார். "நானாப் போய்க் கேட்டா, மாப்ளையோட மல்லுக்கு நிக்கிறான்னு ஊரே சிரிக்கும்."

விதியைத் தளர்த்தி நானே தூது சென்றேன். "அய்யா இப்பத் தரகர் வேலையும் பாக்குறாரு. பொருத்தமெல்லாம் பாத்தாச்சாய்யா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தனர். மருமகன் தயங்கி, "மாமா ஆசப்படுறாகன்னா சரிங்கய்யா," என்றார்.

ஆட்டம் ஒரு ஞாயிறு காலையில் நடந்தது. மாமனார் காலை இழுத்தபடியே பந்துகளை மூலைகளுக்கு அனுப்பினார். ஓடி எடுக்க வேண்டிய சில பந்துகளை நோக்கி மருமகன் நடந்துதான் சென்றார் என்று எனக்குத் தோன்றியது. இறுதியில், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் மாமனாருக்கு வெற்றி என்ற நிலை வந்தது. அவர் அடித்த பந்து மருமகனின் பக்கம் பின்கோட்டருகே விழுந்தது.

"உள்ள! செயிச்சிட்டீக மாமா!" என்றார் மருமகன். கைதட்டல் எழுந்தது.

மாமனார் கைகுலுக்க வரவில்லை. வலையைச் சுற்றி நடந்து மறுபக்கம் போய், மண்ணில் பந்து பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்தார். தடம் கோட்டுக்கு வெளியே இருந்தது.

"மாப்ள, இது உள்ளயா?"

"கோட்டத் தொட்ருச்சு மாமா."

"எங்க தொட்டுச்சு? வெரல வச்சுக் காட்டுங்க பாப்போம்."

மருமகன் விரலை வைக்கவில்லை. "விடுங்க மாமா. ஆசுபத்திரிக்குப் போறீக. ஒரு தகடுதான?"

"முட்டிக்குத்தேன் ஆப்பரேசன், கண்ணுக்கில்ல. வெளிய விழுந்தத வச்சு அந்தத் தகட்ட மாட்டுனா, நான் அத எப்பிடி ஏறிட்டுப் பாக்குறது? அவுட்டுன்னு சொல்லுங்க."

"அவுட்டு," என்றார் மருமகன், தலை நிமிராமல்.

அதன்பின் அவர் எல்லாப் பந்துகளுக்கும் ஓடினார். மாமனார் தோற்றார். வலையருகே கைகுலுக்கியபோது, "இப்பத்தேன் மாப்ள எங்கூட ஆடுனீக. அது வரைக்கும் சம்பந்தி வீட்டு விருந்துல உக்காந்த மாதிரியில்ல இருந்துச்சு," என்றார். மருமகன் சிரித்துவிட்டார். தொலைவில் நின்றவர்களுக்குத் தோல்வியும் அந்தச் சிரிப்புமே தெரிந்தன. பேச்சு அங்கிருந்து கிளம்பியிருக்க வேண்டும்.

அறுவைக்கு முன் அவர் தம் தகட்டைத் தாமே கழற்றி என்னிடம் தந்தார். அவர் இப்போதும் ஞாயிறுகளில் வந்து, மருமகன் ஆடுவதை அமர்ந்து பார்க்கிறார். பலகையும் அசையத் தொடங்கியது. "அண்ணே, வார ஞாயித்துக்கெழம உங்கள எறக்குறேன்," என்று ஒருவர் பலகையின் முன் நின்று கூற, "எறக்கு மாப்ள, அதையும் பாத்துருவோம்," என்று மற்றவர் மறுமொழி சொன்னதை அண்மையில் கேட்டேன். தூதுக்கு இப்போது வேலையில்லை.

தடத்தை நான் வலைக்கு இப்பாலிருந்தே கண்டேன். அருகே செல்வதற்குள் அது மிதிபட்டுவிட்டது. அன்று அக்கோட்டருகே நின்றவர்கள் வேறாகக் கண்டிருப்பின், அல்லது உரையாடலில் நான் ஏதேனும் பிழைபடக் கேட்டிருப்பின், அன்புகூர்ந்து தெரிவிக்கவும், திருத்திக்கொள்வேன்.