அப்பா காட்டாத நீர்நாய்

அறுபதுகளில் நெய்வேலி குவார்ட்டர்ஸில் அப்பாக்கள் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள். சுரங்க இயந்திரத்தின் இரைச்சலில் பழகிய தொண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைப் பிச்சாவரம் அழைத்துப்போனார். சுரபுன்னைக் காட்டுக்குள் படகு நுழைந்ததும், "சத்தம் போடாம குந்திகினு வாங்க" என்று படகுக்காரர் மெல்லச் சொன்னது அப்பாவின் காதில் விழவில்லை. "அதோ பாரு, நாரை!" என்று கத்தினார். அத்தனை பறவையும் எழும்பிப் பறந்தது.

எனக்கு அப்போது வாய்க்கொழுப்பு. "மானத்த வாங்காதீங்கப்பா! வாய மூடிகிட்டு வாங்க!" என்று அவருக்குக் கேட்கும்படி நானும் கத்தினேன். படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்புறம் கரை சேரும்வரை பேசவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ரகசியமாகத்தான் சொன்னார். அடுத்த அறையில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வேருக்கு நடுவுல ஒரு நீர்நாய் பார்த்தேன். கத்திடுவேனோன்னு பாப்பாவுக்குக் காட்டல."