கார் நின்ற கொட்டகை

எங்கள் தெருவில் அவளைச் சோப்பு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பால் பண்ணையில் கறவை வேலை. வேலை முடிந்து வந்தால் நேரே குளிக்கப் போவாள். "கைரேகையே தேஞ்சு போகப் போகுதுக்கா" என்று கிண்டல் செய்வேன். "தேஞ்சா தேயட்டும். மாட்டுக்கு ஒண்ணும் வந்துடக் கூடாது" என்பாள்.

பண்ணையில் ஒரு கட்டுப்பாடு. அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில் மாடு வளர்க்கக் கூடாது, நோய் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நியாயம்தான். அதற்காகவே தன் ஒரே பசுவை எனக்கு விற்றுவிட்டு வேலையில் சேர்ந்தாள். பக்கத்து வீடுதான், நடுவில் இடுப்புயர வேலி. மூன்று வருடமாக அந்தப் பசு அவள் குரலைக் கேட்டதும் வேலியோரம் வந்து நிற்கிறது. அவள் ஒரு நாளும் கை நீட்டித் தொட்டதில்லை. "சட்டம்னா சட்டம்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

முதலாளிக்கு மட்டும் சட்டம் கிடையாது போலிருக்கிறது. புதிதாக வாங்கும் மாடுகளை மூன்று வாரம் தனிக் கொட்டகையில் கட்ட வேண்டும் என்பதும் அதே பண்ணையின் கட்டுப்பாடுதான். அந்தக் கொட்டகையில் அவருடைய புதுக் கார் நின்றது. வெயில் பட்டால் பெயிண்ட் மங்கிவிடுமாம்! போன மாதம் வந்த நான்கு மாடுகளையும் நேரே மந்தையோடு கட்டச் சொன்னார். அக்கா இரண்டு தடவை வேண்டாம் என்றாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. பத்தே நாளில் கோமாரி. புது மாட்டுக்குத்தான் முதலில் வாயில் புண் வந்தது. பிறகு வரிசையாக எல்லாம் எச்சில் ஒழுக நொண்டின.

பழி யார் மேல்? கறவைக்காரி மேல். வீட்டில் திருட்டுத்தனமாக மாடு வைத்திருக்கிறாள், சோதனை முடியும்வரை வரக் கூடாது என்று முதலாளி விரட்டிவிட்டார்.

மறுநாள் காலை சோதனைக்குப் பண்ணை சூப்பர்வைசர் வந்தார். பண்ணையில் போட்ட அதே பூட்ஸ், சாணிகூடக் காயவில்லை. அக்கா வீட்டுக் கொல்லையில் வெறும் முளைக்குச்சியைத்தான் பார்த்தார். "அந்தப் பழைய மாடு பக்கத்துலதானே இருக்கு? அதையும் பார்த்துடறேன்" என்று என் வேலிக் கதவில் கை வைத்தார்.

"அப்படியே நில்லுங்க!"

அக்கா கத்தி நான் கேட்டதே இல்லை. சலவை சோடா கரைத்த வாளியோடு ஓடி வந்து குறுக்கே நின்றாள்.

"நோய் இருக்கிற இடத்துலேருந்து நேரா வர்றீங்க. இந்தத் தெருவுல பதினோரு மாடு இருக்கு. பூட்ஸைக் கழுவுங்க. கழுவினாலும் இங்கேருந்தே பாருங்க."

அவர் குனிந்து கழுவினார். என் பசு நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. முதலாளிக்குப் போன் போட்டு, "மாடு நல்லாத்தான் இருக்கு ஐயா. அந்தம்மா மேல தப்பில்லை" என்றார்.

போனில் முதலாளியின் குரல் எனக்கே கேட்டது. "அப்ப உடனே வரச் சொல்லு. கறக்க ஆளில்லாம மாடெல்லாம் பால் தேங்கி மடி கட்டிக்கிட்டு நிக்குது."

தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை? மூச்!

மடி கட்டிவிட்டது என்றதும் அக்காவின் முகம் மாறியது. "வர்றேன். மாடுங்க என்ன பாவம் பண்ணுச்சு? ஆனா நான் வர்றதுக்குள்ள அந்தக் கார் வெயில்ல நிக்கணும்னு சொல்லுங்க."

சூப்பர்வைசர் ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல் அதை அப்படியே போனில் சொன்னார்.