சுவரோரத்து அரளி

"தோட்டத்துல அரளி வைக்கப்போறேன் அத்தே" என்று என் கன்னட மருமகள் சொன்னதும் என் கண் பேத்தியைத் தேடியது.

கன்னட ஊரின் மண்டி மொஹல்லாப் பேட்டையில் நாங்கள் வளர்ந்த வீட்டுக் கொல்லையில் மஞ்சள் அரளி நின்றது. தகரக் கூரையில் அதன் காய் டொக்கென்று விழும் சத்தமும், ஒரு ஆடு அதைத் தின்று செத்த பிறகு சாயங்காலந்தோறும் "ஆ காட்டு, நாக்கை நீட்டு" என்று அம்மா எங்கள் வாயை முகர்ந்ததும், சுவரோரத்து அரச மரத்தின் வேர் சுவரைப் பிளந்து அந்த வீடே விழுந்த பின்னும் என்னை விடவில்லை.

பேத்தி கண்டதையெல்லாம் வாயில் போடுகிற வயசு. "வேண்டாம்மா, விஷம்" என்றேன்.

"சாமி மரம் அத்தே, விஷமா?" என்று சிரித்தபடி கன்றைக் காட்டினாள். அரசங்கன்று. கன்னடத்தில் அரச மரத்துக்கு அரளி என்றுதான் பேர், பயத்தில் மறந்துவிட்டேன்.

மூச்சு வந்தது. குழி எங்கே தோண்டியிருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். பேத்தி தூங்குகிற அறையின் சுவரோரம்.