ஈர மூலை

போன வாரம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனேன். வாஷ்பேசினுக்கு இன்னும் நாலடிதான் இருக்கும். கால் நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர், "போங்க சார், தண்ணியெல்லாம் நல்லா வருது" என்றார். அவருக்கு வழியை விட்டுவிட்டு, பிரியாணிக் கையை உயர்த்திப் பிடித்தபடி சுவரோரம் ஒதுங்கினேன். இந்த வயதில் வாஷ்பேசினைக் கண்டு பயப்படுகிறவன் புதுக்கோட்டையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அது பழைய கிளப்பின் பின்பக்கம் இருக்கும் மினி ஹால். ஏசி, கலர் கலராக விளக்கு. சின்ன ஹாலுக்கு எதற்கு இவ்வளவு உயரமான சுவர் என்று சாப்பிட வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்குக் காரணம் தெரியும். அது ஸ்குவாஷ் கோர்ட். நான் அதில் கோச்சாக இருந்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஸ்குவாஷ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு சுவருக்குள் இரண்டு பேரைப் போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். சின்ன ரப்பர் பந்தை மாறி மாறி முன் சுவரில் அடிக்க வேண்டும். தரையில் இரண்டாவது தடவை குத்துவதற்குள் எடுக்காவிட்டால் பாயிண்ட் போச்சு. வழியில் எதிராளி நின்றாலோ, வேறு ஏதாவது இடைஞ்சல் வந்தாலோ யாருக்கும் பாயிண்ட் இல்லாமல் திரும்ப ஆடலாம். அதற்கு 'லெட்' என்று பேர். ரூல் புத்தகத்தில் மற்றது எது மறந்தாலும் எங்கள் ஊரில் இந்த ஒன்றை மட்டும் யாரும் மறக்க மாட்டார்கள்.

நான் கோச்சானது ஒரு விபத்து. அரசாங்கக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஜூனியர் இன்ஜினியராக இந்த ஊருக்கு வந்த புதிது. காலையில் இலுப்பூரில் ஒரு சுற்றுச்சுவர், மத்தியானம் குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் என்று வெயிலில் காய்ந்துவிட்டு வருவேன். காலேஜ் ஹாஸ்டலில் கொஞ்ச நாள் ஸ்குவாஷ் ஆடியிருக்கிறேன் என்று யாரிடமோ பெருமையடித்தது கிளப் செக்ரட்டரி காதுக்குப் போய்விட்டது. அவர் என் மேலதிகாரியின் நெருங்கிய நண்பர். "தம்பி, சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுங்க. சும்மாதானே இருக்கீங்க" என்றார். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். அப்படி ஒரு சர்க்கரை நான்.

அந்த ஆட்டத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. சூடான ரப்பரும் சுண்ணாம்பும் பிள்ளைகளின் வேர்வையும் கலந்தது. ஸ்குவாஷ் பந்து சில்லென்று இருந்தால் எழும்பாது, முதலில் அடித்து அடித்துச் சூடேற்ற வேண்டும். எங்களுக்கு அந்த வேலையே இல்லை. புதுக்கோட்டை வெயிலில் என் வண்டி சீட்டின் மேல் கொஞ்ச நேரம் வைத்தால் பந்து அப்பளம் மாதிரி பொரிந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு ஓடிவருகிற வேலை சரவணனுடையது. போன வாரம் ரிசப்ஷன் மேடையில் கோட்டும் சூட்டுமாக நின்ற மாப்பிள்ளை அவன்தான். கை குலுக்கும்போது, "சார், பந்து சூடாயிருச்சா?" என்று காதில் கேட்டான். அந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது என்று நினைக்கிறேன்.

சரி, மூலைக்கு வருகிறேன். கோர்ட்டுக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம் பின் மூலை. அதற்கு நேர் மேலே கூரை ஒழுகும். எத்தனை வருஷமாக ஒழுகியதோ, தரை பொரிந்து சிமெண்ட் பெயர்ந்து ஒரு சின்னக் குட்டை மாதிரி ஆகியிருந்தது. மழைக் காலத்தில் தண்ணீர் நிற்கும், கோடையில் பள்ளம் மட்டும் இருக்கும். அதனால் கிளப்பில் நான் வருவதற்கு வெகு காலம் முன்பே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். ஈர மூலையில் பந்து விழுந்தால் லெட், திரும்ப ஆடு. மழையோ வெயிலோ, வருஷம் முழுக்க அதே சட்டம். யாரும் அந்த மூலைக்குப் போக வேண்டியதே இல்லை.

கூரையை அடைக்கச் சொல்லி செக்ரட்டரியிடம் எத்தனையோ முறை போனேன். "பாக்கலாம் தம்பி" என்பார். ஒருநாள் நல்ல மூடில் இருந்தவர் உண்மையைச் சொன்னார். "அந்த மூலை அப்படி இருக்கிறதாலதான் தம்பி எங்களை மாதிரி ஆளுங்க இன்னும் ஆடிக்கிட்டு இருக்கோம். பின்னாடி ஓடி, குனிஞ்சு எடுக்க முழங்கால் ஒத்துழைக்கணும்ல? அதை அடைச்சிட்டா நாங்க சீட்டாடத்தான் போகணும்." என் மேலதிகாரிக்கும் அதே முழங்கால்தான். நானே ஆள் வைத்து அடைக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கமிட்டியில் வைக்க வேண்டும் என்றார்கள், கமிட்டியும் பாக்கலாம் என்றது. ஊருக்கெல்லாம் கூரை போடுகிற இன்ஜினியர் சாயங்காலம் ஆனால் ஒழுகுகிற கூரைக்குக் கீழே விசிலோடு நிற்பான்.

பிள்ளைகளில் ரிஸ்வானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பதாவது படிக்கும்போது வந்தாள். சொந்த ஊர் கடலோரம், படிப்புக்காக அம்மாவோடு டவுனில் வாடகை வீடு. அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவுக்கு ஷார்ஜாவில் சூப்பர் மார்க்கெட்டில் வேலை. கீழ ராஜ வீதியில் ஜவுளிக் கடை வைத்திருந்த அவள் மாமா கிளப் மெம்பர், அவர்தான் கொண்டுவந்து விட்டார். முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய ஸ்கார்ஃப், கையில் கிளப்பின் பழைய ராக்கெட். முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, இவளுக்கு நான் சொல்லிக் கொடுக்க அதிகம் இல்லை என்று. ஓங்கி அடிப்பது போல வருவாள், கடைசி நொடியில் மணிக்கட்டைத் தளர்த்துவாள். பந்து முன் சுவரோடு ஒட்டி விழுந்து அங்கேயே செத்துப்போகும். சுவரின் அடியில் ஒரு தகரம் இருக்கும், அதில் பட்டால் தப்பு, டொங்கென்று சத்தம் கேட்கும். அவள் ஆடும்போது அந்தச் சத்தத்தை அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் யாராவது மூலைப் பக்கம் போனால், "அங்கிட்டுப் போகாத, வழுக்கும்!" என்று அதட்டுவதும் அவள்தான்.

அவள் பத்தாவது வந்த வருஷம் திருச்சியிலிருந்து ஒரு கிளப் பிள்ளைகள் வேனில் வந்தார்கள். ஃப்ரெண்ட்லி மேட்ச். ஈர மூலைச் சட்டத்தை செக்ரட்டரி எடுத்துச் சொன்னபோது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய கோச் ஒரு பெண், எல்லாரும் மேடம் என்றே கூப்பிட்டோம். "உங்க கோர்ட், உங்க ரூல் சார்" என்று சிரித்துவிட்டார். அன்றைக்கு நாங்கள்தான் ஜெயித்தோம். அவர்களுடைய பெஸ்ட் ஆட்டக்காரியை ரிஸ்வானா நின்று நிதானமாக அடித்தாள். செக்ரட்டரி எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். மேடம் கிளம்பும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிளஸ் ஒன்னுக்கு இந்தப் பொண்ணைத் திருச்சியில சேர்க்கச் சொல்லுங்க. ஹாஸ்டல் இருக்கு. ஆட்டத்தை நான் பாத்துக்கிறேன்" என்றார். சொல்லிவிட்டு அந்த மூலையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

ரிஸ்வானா அன்றிரவே ஷார்ஜாவுக்குப் போனில் சொல்லிவிட்டாள். லீவில் வரும்போது ஓர் ஆட்டம் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாராம் அத்தா. அவர் வருகிற மாதம்தான் திருச்சியில் பதில் மேட்ச். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. "சார், அத்தா பாத்தா கட்டாயம் சரின்னுருவாங்க சார்."

நான்தான் நாள் எண்ண ஆரம்பித்தேன். ஏனென்றால் இந்த ஆட்டத்தில் பாதி அந்த இடது பின் மூலையில்தான் நடக்கும். வலது கைக்காரர்களுக்கு அதுதான் கஷ்டமான இடம். எல்லாக் கோர்ட்டிலும் பிள்ளைகள் முதலில் அங்கே நின்றுதான் அடித்துப் பழகுவார்கள். எங்கள் பிள்ளைகள் கால் வைத்ததே இல்லை. இருந்த வாரங்களில் என்னவெல்லாமோ செய்தேன். சாக்கு விரித்துப் பழக்கினேன், சாக்கோடு சேர்த்து வழுக்கினார்கள். சைக்கிள் ஸ்டாண்டு மூலையில் நிறுத்தி அடிக்க வைத்தேன், பந்து சாக்கடையில் விழுந்தது. போதாக்குறைக்கு ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொண்டு, குட்டை கோர்ட்டின் பாதி வரைக்கும் வந்துவிட்டது.

திருச்சி கோர்ட்டின் பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. நானும் ரிஸ்வானாவின் அத்தாவும் அதற்கு வெளியே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அயர்ன் செய்த வெள்ளைச் சட்டை, கையில் மகளின் தண்ணீர் பாட்டில். ஆட்டம் நடக்கும்போது கோச் வாயைத் திறக்கக் கூடாது. இடைவேளையில் மட்டும் பேசலாம். முதல் சில பாயிண்டுகள் ரிஸ்வானாவுக்கு. அவர் என்னைப் பார்த்து, "நல்லா ஆடுது என்ன சார்?" என்றார். நான் தலையாட்டினேன்.

பிறகு எதிரே ஆடிய திருச்சிப் பெண் ஒரு பந்தை இடது சுவரோடு ஒட்டிப் பின் மூலைக்கு அனுப்பினாள். ரிஸ்வானா இரண்டு எட்டு வைத்து நின்றாள். ராக்கெட்டைத் தூக்கி, "லெட்!" என்றாள். பாயிண்ட் சொல்ல உட்கார்ந்திருந்த பையன் ஒன்றும் புரியாமல், "நோ லெட்" என்றான். அவள் கண்ணாடி வழியாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை, நூறு தடவை சொல்லிக் கூட்டி வந்திருக்கிறேன். ஆனால் பந்து அங்கே போனதும் கை தானாக உயர்ந்துவிட்டது. அடுத்த பந்தும் அங்கேதான் வந்தது, அதற்கடுத்ததும் அங்கேதான். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது, எதிராளி வராத இடத்தில் அடிப்பதுதானே ஆட்டம். ஒவ்வொரு தடவையும் ரிஸ்வானா கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு குட்டையின் ஓரத்தில் வந்து நின்றாள். பளபளவென்று காய்ந்த மரத்தரை. என்னால் உட்காரவும் முடியவில்லை, எழுந்து கத்தவும் முடியவில்லை.

இடைவேளையில் வெளியே வந்தாள். அத்தா பாட்டிலை நீட்டினார், வாங்கவில்லை. "தரை காஞ்சுதான் கெடக்கு, தைரியமாப் போ" என்றேன்.

"தெரியுது சார். கால் போகமாட்டேங்குது" என்றாள். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். மிச்ச ஆட்டத்தையும் அழுதுகொண்டே ஆடித் தோற்றாள்.

மேடம் ஓடிவந்து, "இது ஒண்ணுமே இல்ல, ஆறு மாசத்துல சரி பண்ணிரலாம். என்கிட்ட விடுங்க" என்று அத்தாவிடம் சொன்னார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். ரிஸ்வானா முன் சீட்டில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்திருந்தாள். கீரனூர் தாண்டியதும் நானே ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன், ஒழுகுகிற கூரை, மூலை, சட்டம். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்கிற மாதிரிதான் என் காதுக்கே கேட்டது. ஆனால் எங்கள் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல். அதை யாரிடம் போய் நிரூபிப்பது?

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கூரைதானே சார்? அடைச்சிருக்கலாமே?" என்றார். குத்திக் காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டார். செக்ரட்டரியின் முழங்கால் கதையை அவரிடம் எப்படிச் சொல்வது?

அவர் முன் சீட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க சார். ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ வாரேன். வந்த எடத்துல பிள்ளை அழுகுறதப் பாக்கணுமா? தோத்தா பரவால்ல சார். கண்ணாடிக்கு அங்கிட்டு நின்னு அழுகுது, என்னால உள்ள போய்த் தொடைக்கக்கூட முடியல. ஹாஸ்டல்ல விட்டுட்டு நான் ஷார்ஜாவுல இருந்தா இதே கதைதான சார்?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. அவர் மகளுக்கு அந்த ஆட்டம் வரம் மாதிரி வந்ததும் முழுக்கச் சரி. இரண்டு சரிக்கும் நடுவில் உட்கார்ந்து புதுக்கோட்டை வந்து சேர்ந்தேன். மறுநாள் ரிஸ்வானா ராக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அத்தா படிக்கச் சொல்லிட்டாங்க சார்" என்றாள். ராக்கெட்டின் பிடியைப் புது டேப்பால் சுற்றியிருந்தாள். திருச்சிக்காகச் சுற்றியது.

நானும் மாற்றலாகிப் போய், பல ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது கோர்ட் மினி ஹாலாகியிருந்தது. கூரையை ஒரே வாரத்தில் அடைத்துவிட்டார்களாம். பின்னே, பந்தியில் சாம்பாருக்குள் சொட்டக் கூடாதல்லவா? தகரத்தைக் காணோம். கோர்ட் சுவரின் சிவப்புக் கோடுகளின் மேல் வால்பேப்பர். கழிவுநீர்க் குழாயை இறக்கத் தரையில் ஏற்கெனவே பள்ளம் இருந்த வசதிக்கு வாஷ்பேசினை அந்த மூலையிலேயே வைத்துவிட்டார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டுதான் எச்சில் கையோடு நின்றிருந்தேன். "சார்!" என்று ஒரு குரல். ரிஸ்வானா. சரவணன் பழைய கூட்டத்தில் ஒருவரையும் விடாமல் கூப்பிட்டிருக்கிறான். கூடவே நாலு வயதுப் பெண் குழந்தை. காரைக்குடியில் பேங்க்கில் வேலையாம். "அத்தா ஒரேடியா வந்துட்டாங்க சார். பேத்திதான் இப்ப அவங்களுக்கு எல்லாம்." அவளும் சாப்பிட்டு முடித்திருந்தாள். கையை என்னைப் போலவே தூக்கிப் பிடித்திருந்தாள். ஆட்டத்தைப் பற்றி இரண்டு பேருமே பேச்செடுக்கவில்லை.

குழந்தை அவள் பிடியை உதறிவிட்டு வாஷ்பேசினைப் பார்த்து ஓடியது.

"அங்கிட்டுப் போகாத, வழுக்கும்!" என்று கத்தினாள் ரிஸ்வானா. அதே குரல். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

குழந்தை அதற்குள் போய், எக்கி நின்று, இரண்டு கையையும் தண்ணீரில் காட்டிவிட்டுத் திரும்பி வந்தது. "வழுக்கலையேம்மா" என்றது.

ரிஸ்வானா பக்கத்து மேஜையிலிருந்து டிஷ்யூ பேப்பர் இரண்டு எடுத்து, ஒன்றை என்னிடம் நீட்டினாள். இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே கையைத் துடைத்துக்கொண்டோம்.