பாலேஸ்வரிக்கு ஒரு கிம்லெட்

பாலேஸ்வரி இருபத்தெட்டு வருடம் மற்றவர்களுடைய குரல்களை இணைத்து வைத்தவர். வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளை ஆட்கள் இருந்து இணைத்துக் கொடுத்த காலத்தில், கொழும்பில் அந்த வேலைக்குச் சேர்ந்தார். காதில் ஒரு கருவி, முன்னால் விளக்குகள் எரிந்து எரிந்து அணையும் பலகை. டொரொன்டோ, ஒஸ்லோ, சூரிச். "ஹலோ, கேக்குதோ? கேக்குதோ பிள்ளை?" என்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கியிருந்த தாய்மார் கத்துவார்கள். சில பேருக்குக் கிடைத்த மூன்று நிமிடமும் அழுகையிலேயே போய்விடும். கோட்டில் ஓடும் இரைச்சலை வைத்தே அது எந்தத் தேசம் என்று பாலேஸ்வரி சொல்லிவிடுவார். குளிர் நாடுகளின் இரைச்சல் மெல்லியது, மணல் சரிவது போல இருக்கும் என்பார்.

அவருடைய கணவரையும் முதலில் குரலாகத்தான் அறிந்தார். பிறெடி அப்போது கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வேலை. விருந்தாளிகளுக்காக அழைப்புக் கேட்டு எடுப்பார். "மிஸ், ஒரு லண்டன் கோல் வேணும். அவசரமில்ல, நீங்க ஆறுதலா எடுங்க." எல்லாரும் அவசரம் என்று சொல்கிற இடத்தில் ஆறுதலாக என்று சொன்ன ஒரே குரல் அது. எண்பத்தெட்டில் பதிவுத் திருமணம். வெள்ளவத்தைச் சைவக் குடும்பத்துப் பிள்ளை, கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பையனுடைய வீட்டுக்குப் போனது பற்றி இரண்டு பக்கத்திலும் நிறையப் பேச்சு நடந்தது. காலப்போக்கில் அதுவும் ஓய்ந்தது.

தொண்ணூறில் பிறெடி உல்லாசப் பயணக் கப்பலில் ஏறினார். அதற்குப் பிறகு முப்பது வருடம் அவர் வீட்டில் இருந்தது வருடத்துக்கு இரண்டு மாதம்தான். மகள் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, மெல்பனுக்குக் கலியாணமாகிப் போனது எல்லாம் பாலேஸ்வரியின் கையால் நடந்தவை. துறைமுகங்களிலிருந்து தபாலட்டைகள் வரும். நீலக் கடல், வெள்ளை வீடுகள், பின்பக்கத்தில் இரண்டு வரி. 'நான் நல்ல சுகம். இங்கே மழை.' கப்பலில் என்ன வேலை என்று கேட்டால், "சாமான் எடுத்துக் குடுக்கிறதுதான், வேறென்ன" என்பார். பாலேஸ்வரி அதை அப்படியே நம்பியிருந்தார்.

இரண்டாயிரத்து இருபதில் உலகத்துக் கப்பல்கள் எல்லாம் நின்றபோது பிறெடி வீடு வந்து சேர்ந்தார். திரும்பப் போகவில்லை. ஜம்பட்டா வீதிக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் இருக்கிற அந்தச் சின்ன வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். அவர் விடிய நாலு மணிக்கு எழும்புவார். பாலேஸ்வரிக்கு ஏழு மணிவரை படுக்கவேண்டும். சண்டை ஒன்றும் இல்லை. கதைக்கவும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பிறெடியின் கைகள் நடுங்கத் தொடங்கின. முதலில் வலது கை, பிறகு இரண்டும். சும்மா மடியில் கிடந்தால் பிழையில்லை. கோப்பையைத் தூக்கினால் தேத்தண்ணி பாதி சட்டையில். டொக்டரிடம் வாங்கோ என்றால் வரமாட்டார். தேவாலயத்தில் நற்கருணை வாங்கக் கை நீட்டியபோது பின்னாலிருந்த ஒருவர் பார்த்துவிட்டார் என்று, அந்த ஞாயிற்றுக்கிழமையோடு வெளியே போவதையே விட்டார். ஜன்னலோரக் கதிரையில் இருந்து, துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் தலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், தை மாதக் கடைசியில் இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறெடியின் கையில் தாள் படபடத்ததால் பாலேஸ்வரிதான் வாங்கி வாசித்தார். எழுதியவர் ஒரு வயதான அம்மா. தன் கணவர் இறந்துவிட்டதாக எழுதியிருந்தார். பதினொரு வருடம் ஒவ்வொரு மாரிகாலமும் அந்தக் கப்பலில் வந்தோம், பின்னேரம் ஆறு மணிக்கு நீங்கள் செய்து தந்த கிம்லெட்டுக்காகவே இவர் காலையிலிருந்து காத்திருப்பார், இப்போது நான் வீட்டில் செய்து பார்க்கிறேன், அந்த ருசி வரவில்லை என்றிருந்தது கடிதத்தில்.

பாலேஸ்வரி தாளை மடியில் வைத்தார்.

"கிம்லெட் எண்டா என்ன?"

"ஒரு குடி வகை. ஜின்னும் தேசிக்காயும்."

"தேசிக்காயோ?"

"ஓம். ஜின், தேசிக்காய், கொஞ்சம் சீனி. அவ்வளவுதான்."

"அப்ப நீங்கள் கப்பல்ல குடி கலந்து குடுக்கிற பார்மனோ?"

பிறெடி ஜன்னலைப் பார்த்தபடி, "கடைசிப் பத்து வருஷம் தலைமை பார்மன்" என்றார்.

பாலேஸ்வரி கடிதத்தை நாலாக மடித்தார். பிறகு சொன்னார்: "ஒரு வெள்ளைக்காரிக்குப் பதினொரு வருஷம். எனக்கு ஒரு தேத்தண்ணிகூட ஊத்தித் தந்ததில்ல. எனக்கும் அந்த கிம்லெட் வேணும்."

"பாலா, விசர்க்கதை கதைக்காதேயும். இந்தக் கையால எப்பிடி?"

"என்ர கைக்கு என்ன குறை? நீங்கள் சொல்லுங்கோ, நான் செய்யிறன்."

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பாலேஸ்வரி பையை எடுத்துக்கொண்டு சுப்பர்மார்க்கட்டுக்குப் போனார். மதுப் போத்தல்கள் இருக்கும் மூலையில் காசு வாங்கும் பெண் பிள்ளை, போத்தலையும் இவருடைய நெற்றித் திருநீற்றையும் மாறிமாறிப் பார்த்தாள். "அன்ட்டி, கானு கெனெக்குட்ட தென்ன பே" என்றாள். பெண்களுக்கு மது விற்கச் சட்டம் இல்லையாம், கொடுக்க முடியாதாம். என் கணவருக்குத்தான் என்று பாலேஸ்வரி சிங்களத்தில் சொன்னதற்கு, அப்படியென்றால் மஹத்தயாவையே வரச் சொல்லுங்கள் என்று சிரித்தபடி போத்தலைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பாலேஸ்வரி செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"இஞ்சேருங்கோ. எனக்குத் தரமாட்டினமாம். ஆம்பிளை வரவேணுமாம்."

பிறெடிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எழும்பினார். எட்டு மாதம் அலுமாரியில் தொங்கிய வெள்ளை நீளக்கைச் சட்டையை எடுத்தார். கைமடிப்புப் பொத்தான்களைப் பாலேஸ்வரி பூட்டிவிட்டார். கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு அறுபத்துநாலு வயது மனிதர் மூன்று மாடி இறங்கினார்.

போத்தல்களின் முன்னால் அவர் நின்ற விதத்தைப் பாலேஸ்வரி அதற்கு முன் கண்டதில்லை. ஒவ்வொரு லேபிளையும் தெரிந்த மனிதரின் முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். கடைசியில் விலை குறைந்த உள்ளூர் ஜின் ஒன்றைக் காட்டி, "இது காணும். தேசிக்காய் நல்லதா இருக்கோணும், அதுதான் முக்கியம்" என்றார்.

தேசிக்காய்க்கு ஒழுங்கை முனையில் ஹமீட்டின் கடைக்குப் போனார்கள். "பிறெடி அண்ணன்! எங்க இவ்வளவு நாளும் காணவே இல்ல?" என்றார் ஹமீட். பிறெடி ஒரு காயைப் பொறுக்கப் போக, கை குவியலைத் தட்டி, நாலைந்து காய்கள் ரோட்டில் உருண்டன. ஹமீட் பொறுக்கி வந்து, "நீங்க சொல்லுங்க, நான் எடுக்கிறேன்" என்றார். தோல் மெல்லியதாக, கையில் பாரமாக, காம்புப் பக்கம் கொஞ்சம் மஞ்சள் விழுந்ததாக எட்டுக் காய் எடுத்தார்கள்.

வீட்டில் வெயில் சமையலறை வரைக்கும் வந்திருந்தது. பிறெடி சுவரோரம் கதிரை போட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல தோலைச் சீவும். பச்சை மட்டும். வெள்ளை வந்தா கசக்கும். சீனியோட சேர்த்துக் கையால பிசையும்."

பாலேஸ்வரி பிசைந்தார். சீனி மெல்ல மெல்ல ஈரமாகி, விரல்களுக்கிடையில் பச்சை வாசனை எழும்பியது. அது ஒரு மணித்தியாலம் கிடக்கவேண்டும் என்றார் பிறெடி. அந்த ஒரு மணித்தியாலமும் இரண்டு பேரும் சமையலறையிலேயே இருந்தார்கள். கால் வைத்த ஐஸ்கிரீம் கிண்ணங்கள் இரண்டு குளிர்சாதனப் பெட்டியில், மீன் பொதிக்குப் பக்கத்தில் குளிர்ந்துகொண்டிருந்தன. எங்கேயோ கீழே ஒருவர் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். பிறெடி கேட்காமலே கதைக்கத் தொடங்கினார். பனிக்கட்டி மலைகளுக்கு நடுவே கப்பல் எஞ்சினை நிறுத்திவிட்டு நிற்கும். அப்போது கண்ணாடியில் ஐஸ் விழுகிற சத்தம் ஒரு மேசையிலிருந்து மற்ற மேசைக்குக் கேட்கும். செங்கடலில் பறக்கும் மீன்கள் தளத்தில் வந்து விழும்; விடிய எழும்பி அதுகளைத் திரும்பக் கடலில் போடுவது அவருடைய பழக்கம். பாலேஸ்வரி சீனிக் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடத் தபாலட்டைகளின் பின்பக்கத்தில் எழுதாமல் விட்டதெல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் அலையலையாக வந்து போனது.

சீனி பாகாக இளகியதும் தேசிக்காயைப் பிழிந்து, சாற்றைச் சேர்த்து வடித்தார். மூடி இறுக்கமான பெரிய ஜாம் போத்தலில் இரண்டு பங்கு ஜின், ஒரு பங்கு தேசிக்காய்ப் பாகு, கழுத்து வரை ஐஸ்.

"இப்ப ஆட்டும். நான் நிப்பாட்டச் சொல்லும் வரைக்கும்."

பாலேஸ்வரி ஆட்டினார். முதலில் ஐஸ் கட்டிகள் கல்லுப்போலக் கலகலத்தன. போத்தல் கைகளைச் சுட்டது போலக் குளிர்ந்தது. பிறெடி கண்ணை மூடியிருந்தார். கலகலப்புக்குள் வேறொரு சத்தம் மெல்லிதாக நுழைந்தது. மணல் சரிவது போல. பாலேஸ்வரி சட்டென்று நிறுத்தினார்.

அந்த நொடியில்தான் பிறெடியும் வாயைத் திறந்திருந்தார்.

"உமக்கு ஆர் சொன்னது?"

"சத்தம் மாறினது. கேட்டனான்."

"அதைப் பழகப் பெடியளுக்கு ஒரு வருஷம் எடுக்கும், பாலா."

தேத்தண்ணி வடியால் வடித்து, குளிர்ந்த கிண்ணங்களில் ஊற்றினார். இளம் பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை; மழைக்கு முன்னால் கடல் இருக்கிற நிறம். பாலேஸ்வரி ஒன்றைக் கணவருக்கு நீட்டினார். முப்பது வருடமும் பிறெடி ஒரு துளி தொட்டவர் அல்ல. தகப்பன் குடித்தே அழிந்தவர் என்பதால், கப்பலில் வேலை செய்யும்வரை தொடமாட்டேன் என்று கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தார்.

"கப்பல் வேலைதான் முடிஞ்சுதே" என்றார் பாலேஸ்வரி.

பிறெடி யோசித்தார். "ஓம். முடிஞ்சுதுதான்."

கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, பாலேஸ்வரியும் அடியில் தாங்க, குடித்தார். புளிப்பு முதலில் வந்தது, பிறகு இனிப்பு, பிறகு காட்டு மரப் பட்டை போல ஒரு வாசனை. பாலேஸ்வரிக்கு முகம் சுளித்தது, ஆனால் இரண்டாவது மிடறு பிடித்துவிட்டது. காதுக்குள் சூடு ஏறியது. ஜன்னல் துணி அசைவது மிகவும் மெதுவாகத் தெரிந்தது. வெயில், பால் போல நிலத்தில் பரவிக் கிடந்தது. இருவரும் கிண்ணங்களை மெல்ல மெல்ல வெறுமையாக்கினார்கள். அரை மணி இருக்கும்.

"பாலா," என்றார் பிறெடி மிகவும் தாழ்ந்த குரலில். "இஞ்ச பாரும்."

வெறும் கிண்ணத்தை ஒற்றைக் கையால் தூக்கிப் பிடித்திருந்தார். கிண்ணம் அசையவில்லை.

இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். தொட்டால் திரும்பத் தொடங்கிவிடுமோ என்று பாலேஸ்வரிக்குப் பயமாக இருந்தது. பிறெடி எழும்பினார். கையைக் கழுவினார். தோளில் ஒரு துவாய்த் துண்டை மடித்துப் போட்டார்.

"கதிரையில இரும், மேடம்" என்றார்.

பாலேஸ்வரி இருந்தார். முப்பத்தாறு வருடத்துக் கணவர் வேலை செய்வதை அன்றைக்குத்தான் முதல்முறை கண்டார். அவசரமே இல்லை. ஒரு கை வெட்டும்போது மற்றக் கை அடுத்த சாமானை ஏற்கெனவே எடுத்திருந்தது. அளவுக் கிண்ணம் இல்லை; போத்தலைச் சரித்து நிமிர்த்தினார், ஒரு துளி வெளியே சிந்தவில்லை. ஆட்டும்போது தோள் ஆடவில்லை, மணிக்கட்டு மட்டும். தேசிக்காயில் காகிதம் போல மெல்லிய வட்டம் ஒன்று வெட்டி மிதக்கவிட்டு, கிண்ணத்தைக் கொண்டுவந்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக் குனிந்து, மேசையில் சத்தமில்லாமல் வைத்தார்.

"ஆறுதலாக் குடியும். அவசரமில்ல."

பாலேஸ்வரியால் உடனே குடிக்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. "அந்த வெள்ளைக்காரி குடுத்துவைச்சவள்" என்று மட்டும் சொன்னார்.

இருட்டும் நேரம் நடுக்கம் திரும்பி வந்தது. ஆனால் திங்கட்கிழமை பிறெடி தானாகவே, "டொக்டரிட்டப் போவம்" என்றார். டொக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்த வகை நடுக்கம் மதுவில் கொஞ்சம் அடங்குவது உண்மைதான், ஆனால் அதை மருந்தாக எடுக்கத் தொடங்கினால் பிறகு நடுக்கமும் கூடும், குடியும் கூடும் என்று தெளிவாகச் சொன்னார். குளிசை எழுதிக் கொடுத்தார். குளிசையால் பாதியளவு குறைந்தது. முழுதாக நிற்கவில்லை. இப்போது பிறெடி தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துச் சிந்தாமல் குடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிறார். இங்கிலாந்து அம்மாவுக்குப் பதில் கடிதம் பாலேஸ்வரி எழுதினார். தோலைச் சீனியில் பிசையச் சொல்லி, சத்தம் மாறும்போது நிறுத்தச் சொல்லி.

அந்த ஜின் போத்தல் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. கலியாண நாளுக்கு ஒன்று, மகள் வந்தபோது ஒன்று, அவ்வளவுதான். தேசிக்காய்ப் பாகுதான் ஓயாமல் செய்யப்படுகிறது. அந்த வருடத்து நோன்பு மாதத்தில், கீழ் வீட்டு ஹப்ஸா படியேறி வந்து, "பாலேஸ்வரி அக்கா, பின்னேரத்தில உங்கட வீட்டிலருந்து ஒரு வாசம் வருது, அது என்ன?" என்று கேட்டாள். பாலேஸ்வரி ஒரு போத்தல் பாகை, ஜின் படாத புதுப் போத்தலில், துணியில் சுற்றிக் கொடுத்தார். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு கரண்டி விடச் சொன்னார். மறுநாள் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்ச நேரத்தில், ஹப்ஸாவின் வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் நிறைய நோன்புக் கஞ்சி மேலே வந்தது. பிறெடி அதைப் படியிலேயே வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்.